விசா இல்லாத வேலை: குற்றம் யார் தலையில்? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலையில் பாஸ்போட் படிவம், பியூரோவுக்கு (வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு) முறைப்பாட்டுக் கடிதம், தூதரகத்துக்கு மனு என்று எழுதிக்கொடுப்பது என் தொழில். மஸ்கெலியாவில் இருந்து வந்தாலும் ராகலையில் இருந்து வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை வெளிநாட்டில் விசா இல்லாமல் வேலை செய்கிறது, பிடிபட்டால் யார் மாட்டுவது? அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. இங்கே சொல்லும் சட்டங்கள் அந்தந்த நாட்டுக்கு உரியவை, மாறக்கூடியவை. வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ பாருங்கள்.

எங்க அக்கா குவைத்துல மேடம் வீட்ட விட்டு வெளிய வந்து வேற எடத்துல வேலை செய்றா. கல்லிவல்லின்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன?

கபீலின் (விசாவுக்குப் பொறுப்பாக நிற்கும் முதலாளியின்) கையை விட்டு வெளியே வந்து, அகாமா (வதிவிட அனுமதி) முடிந்தோ அகாமா இல்லாமலோ வேலை செய்கிறவரை வளைகுடாவில் நம் ஆட்கள் அப்படிச் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. அங்கே பார்ப்பது மூன்று விஷயம்: நாட்டுக்குள் முறையாக வந்தாரா, தங்குவதற்கான காலம் முடிந்துவிட்டதா, தன் விசாவில் பெயர் உள்ளவரிடம்தான் வேலை செய்கிறாரா.

மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. விசா இன்னும் ஒன்றரை வருடம் ஓடும், ஆனால் வேலை வேறு வீட்டில். அதுவும் சட்டவிரோத வேலைதான். "பாஸ்போட்ல விசா இருக்கே" என்று சொன்னால் பொலிஸ் விடாது.

புடிபட்டா தண்டனை யாருக்கு? வேலை பாத்தவளுக்கா, வேலை குடுத்தவனுக்கா?

பெரும்பாலான நாடுகளில் இரண்டு பேருக்கும். ஆனால் ஒரே குற்றத்துக்காக இல்லை. வேலை பார்த்தவர் மேல் வருவது குடிவரவுக் குற்றம். வேலை கொடுத்தவர் மேல் வருவது, அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்த குற்றம். ஒருவர் தண்டிக்கப்பட்டதால் மற்றவர் தப்பிவிட மாட்டார்.

மலேசியாவில் பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது 12 மாதம் வரை மறியல் (சிறை), அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் 6 மாதத்தில் இருந்து 5 வருடம் வரை மறியல், பிரம்படியும் உண்டு. கொம்பனி என்றால் அதன் பணிப்பாளர்களும் மாட்டுவார்கள். அதே நாட்டில் களவாக நுழைந்த தொழிலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை தண்டமோ 5 வருடம் வரை மறியலோ, கூடவே பிரம்படியோ கிடைக்கலாம். டுபாய்ப் பக்கம், அதாவது ஐக்கிய அரபு இராச்சியத்தில், அனுமதி இல்லாமல் ஆள் வைக்கும் கொம்பனிக்கான தண்டத்தை 2024இல் குறைந்தது 1 லட்சம், கூடியது 10 லட்சம் திர்ஹம் என்று ஏற்றிவிட்டார்கள். வீட்டு வேலைக்குத் தனிச் சட்டம், தனித் தண்டம். இங்கிலாந்தில் 2024 பெப்ரவரி 13இல் இருந்து முதல் தடவைக்கு ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை, மறுபடி மாட்டினால் 60,000 வரை.

தொகையை மட்டும் பார்த்தால் சட்டம் முதலாளியைத்தான் பெரிய குற்றவாளியாகப் பார்க்கிறது என்று தோன்றும். எழுத்தில் அப்படித்தான். நடப்பது வேறு. அது அடுத்த கேள்வி.

அப்ப ஏன் எந்த நாளும் நம்ம ஆளுங்களே மறியல்ல கெடக்குறாங்க? மேடம்மாரு ஒருத்தியும் உள்ள போனதா கேள்விப்படலையே?

கேட்டவர் பொகவந்தலாவையில் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர். மகள் நாடு கடத்தப்பட்டு வந்திருந்தாள். நியாயமான கேள்வி.

காரணம் சாட்சியத்தில் இருக்கிறது. தொழிலாளியின் குற்றத்தை நிரூபிக்கப் பாஸ்போட்டில் ஒரு பக்கம் போதும். விசா திகதி முடிந்திருந்தால் கதை முடிந்தது. முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க, இந்த ஆளைத்தான் இவர் வேலைக்கு வைத்தார், சம்பளம் கொடுத்தார் என்று காட்ட வேண்டும். கடுதாசி எதுவும் இல்லாத வேலையில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தத் தொழிலாளிதான். அவரைத்தான் தடுப்பு முகாமில் வைத்து, அவுட்பாஸ் (ஊர் திரும்ப மட்டும் தரும் தற்காலிகப் பயணப் பத்திரம்) எடுத்து, முதல் பிளேனில் ஏற்றிவிடுகிறார்கள். சாட்சி கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு வழக்கு யாரை வைத்து நடக்கும்?

இன்னொன்று, பொலிஸ் வீதியில் மறிக்கும், பஸ்ஸில் மறிக்கும், ஆட்கள் கூடித் தங்கும் கட்டடத்தைச் சுற்றி வளைக்கும். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் ஏறிக் குசினியில் யார் நிற்கிறார் என்று பார்ப்பது எளிதாக நடக்காது. ஆகவே வீட்டு வேலைக்கு ஆள் வைத்தவர்தான் எல்லோரிலும் பத்திரமாக இருப்பவர். என்னைக் கேட்டால், இந்தச் சட்டங்களின் பெரிய ஓட்டை இதுதான். தண்டத்தை எத்தனை மடங்கு ஏற்றினாலும் இது அடைபடாது.

அதனால்தான் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: யாரிடம், எந்த வீட்டில், எவ்வளவுக்கு வேலை செய்கிறாள் என்பதைக் காட்டுகிற எதையாவது அவள் கையிலும் வைத்திருக்கட்டும், ஊரில் உங்களுக்கும் அனுப்பி வைக்கட்டும். வீட்டு வாசலின் படம், மேடத்தின் வொட்ஸ்அப் குரல் பதிவு, சல்லி அனுப்பிய ரசீது, வீட்டு லொக்கேஷன், எது கிடைத்தாலும் சரி. முதலாளி பக்கம் குற்றம் போக வேண்டுமென்றால் அங்கே போகிற வழியை நாம்தான் வெட்டி வைக்க வேண்டும்.

முதலாளி "இவளுக்கு விசா இல்லன்னு எனக்குத் தெரியாது"ன்னு சொன்னா விட்டுருவாங்களா?

நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் வேலைக்கு எடுக்கும் முன்பே ஆவணம் பார்த்து, பிரதி எடுத்து, திகதி போட்டு வைக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால், ஆவணம் பின்னால் கள்ளம் என்று தெரிந்தாலும், பார்த்த மாத்திரத்தில் தெரியாத கள்ளமாக இருந்தால், அந்தத் தண்டத்தில் இருந்து தப்பலாம். பார்க்கவே இல்லை என்றால் "தெரியாது" என்ற சொல்லுக்குப் பெறுமதி இல்லை. தெரிந்தே வைத்திருந்தால் அது தனிக் குற்றம், 5 வருடம் வரை மறியல்.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முதலில் நாடு முழுக்க முதலாளிமாரைப் பொறுப்பாக்கியது. அங்கே குற்றத்தின் உயிரே "தெரிந்தே" என்ற சொல்லில் இருக்கிறது. தொழிலாளி கள்ள அட்டை காட்டினார், நான் படிவத்தை நிரப்பினேன் என்று சொல்லி நழுவிய முதலாளிகள் ஏராளம். அட்டையைக் காட்டியவர் மேல் தனிக் குற்றம் விழும். இதைக் கேட்டுவிட்டுக் கள்ள ஆவணம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளிக்குக் குடையாவதும் தொழிலாளிக்கு விலங்காவதும் அதே அட்டைதான்.

ஃப்ரீ விசான்னு ஒன்னு இருக்காம். அதுல போனா எங்க வேணும்னாலும் வேலை செய்யலாமாம். அது சட்டப்படி சரிதானே?

சரியில்லை. வளைகுடாவில் அப்படி ஒரு விசா வகை கிடையாது. ஒருவர் தன் பெயரில் ஆள் எடுக்கும் அனுமதி வாங்கி, அதை விற்கிறார். வாங்கியவர் வெளியே வேலை தேடிக்கொள்கிறார், வருடாவருடம் அகாமா புதுப்பிக்க அந்த ஆளுக்குக் காசு கட்டுகிறார். சவூதி தொழிற்சட்டத்தின் 39ஆம் உறுப்புரை, தன் தொழிலாளியை வேறு ஆளுக்கோ சொந்தக் கணக்கிலோ வேலை செய்ய விடக்கூடாது என்று கபீலுக்கு நேராகவே சொல்கிறது. அந்தத் தொழிலாளியை வேலைக்கு வைக்கும் மற்ற முதலாளிக்கும் அது பொருந்தும்.

ஆக இங்கே மூன்று பேர் குற்றத்தில் நிற்கிறார்கள்: விசா விற்றவர், வேலை கொடுத்தவர், வேலை செய்தவர். குவைத்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வதிவிடச் சட்டம், விசா வியாபாரம் செய்கிறவருக்கு 3 முதல் 5 வருடம் மறியலும் 5,000 முதல் 10,000 தினார் தண்டமும் வைத்திருக்கிறது. காசு கட்டியதற்கு அத்தாட்சி இருந்தால் மட்டுமே அந்தச் சட்டம் உங்கள் பிள்ளைக்கு உதவும். கையில் எண்ணிக் கொடுத்த காசுக்கு அத்தாட்சி ஏது?

விசிட் விசாவுல அனுப்புறேன், அங்க போயி வேலை விசாவா மாத்திக்கலாம்னு ஏஜன்ட் சொல்றாரு. போனா யாரு பொறுப்பு?

இங்கே முதல் பொறுப்பு அந்த ஏஜன்ட்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுத்துச் செய்ய வேண்டிய தொழில். போகிறவரும் புறப்படும் முன் பணியகத்தில், அதாவது நாம் பியூரோ என்று சொல்கிற இடத்தில், பதிந்திருக்க வேண்டும். விசிட் விசா வேலைக்கான விசாவே அல்ல. சுற்றுலா போகிறேன் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்து எயார்போட்டில் ஏற்றிவிட்டால், பதிவும் இல்லை, பியூரோ காப்புறுதியும் இல்லை, அங்கே வேலை ஒப்பந்தமும் இல்லை.

2022 நவம்பரில் நாடே பேசிய ஓமான் விவகாரம் இப்படித்தான் ஆரம்பித்தது. விசிட் விசாவில் கொண்டுபோன பெண்களை அங்கே விலை பேசிக் கைமாற்றினார்கள் என்று விசாரணை நடந்தது. மஸ்கட்டில் உள்ள நம் தூதரகத்தில் வேலை செய்த அதிகாரி ஒருவரே கட்டுநாயக்காவில் கைதானார்.

இந்த வழியில் ஏன் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் வீட்டு வேலைக்குப் போவதென்றால் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. அப்போது 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாமல் இருந்தது. அந்த வயதை 2022இல் 2ஆகக் குறைத்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் விதி போட்டோம் என்றார்கள். லயத்தில் கடன் தலைக்கு மேல் ஏறிய வீட்டில், ஜீ.எஸ். (கிராம சேவகர்) கையெழுத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து அறிக்கை கிடைக்காத தாய் விசிட் விசாவைத்தான் பிடித்தாள். சட்டப்படி குற்றம் ஏஜன்ட் மேல் என்றாலும், அந்த வாசலைத் திறந்துவிட்டதில் விதிக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஏஜன்சிக்கு லைசன் இருக்கு. ஆனா எங்ககிட்ட சல்லி வாங்கினது நம்ம தோட்டத்து ஆளு. அவரு மேல கேஸ் போட முடியுமா?

முடியும். நம் தோட்டங்களில் ஆள் பிடிப்பது பெரும்பாலும் சப் ஏஜன்ட் என்கிற தரகர்தான். அவர் உறவுக்காரராக இருப்பார், சிலவேளை தானே வெளிநாடு போய் வந்த பெண்ணாக இருப்பார். அனுமதிப்பத்திரம் கொழும்பிலோ குருநாகலிலோ உள்ள ஏஜன்சியின் பெயரில் இருக்கும். அது இவருக்குச் செல்லாது. அனுமதி இல்லாமல் ஆள் சேர்ப்பதும் காசு வாங்குவதும் 21ஆம் இலக்கச் சட்டத்தில் குற்றம். வேலையே இல்லாத இடத்துக்கு அனுப்பியிருந்தால் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் மோசடியும் சேரும்.

ஏஜன்சி "அந்த ஆளை எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும். தரகர் "நான் ஏஜன்சிக்குத்தான் கொடுத்தேன்" என்பார். ஆகவே முறைப்பாட்டில் இரண்டு பேரையும் போடுங்கள். பியூரோவின் 1989 இலக்கத்துக்குப் பேசினால் ஏஜன்சியின் அனுமதி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம், முறைப்பாடும் சொல்லலாம். தரகரின் வங்கிக் கணக்கில் காசு போட்ட சீட்டு இருந்தால் அதுவே பெரிய பலம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிறேன் என்று போனால், பாதிக் காசு திரும்பும், கேஸ் செத்துப்போகும், அடுத்த மாதம் அதே ஆள் அடுத்த டிவிஷனில் ஆள் பிடிப்பார்.

புள்ளைக்கு வயசு பத்தல. நாங்களும் சேந்துதான் வயச கூட்டிப் போட்டோம். எங்க மேலயும் கேஸ் வருமா?

வரலாம். பொய் விபரம் கொடுத்துப் பாஸ்போட் எடுப்பதும் பிறப்பத்தாட்சியைத் திருத்துவதும் குற்றம். பெற்றோர் தெரிந்தே கையெழுத்து வைத்திருந்தால் அவர்களும் அதில் இருக்கிறார்கள். பிள்ளை பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் ஆட்கடத்தல் சட்டம் இன்னும் கடுமை.

மூதூரில் இருந்து 2005இல் சவூதிக்குப் போன பெண்ணை மறந்திருக்க மாட்டீர்கள். பிறப்பத்தாட்சிப்படி அப்போது அவர் சிறுமி, பாஸ்போட்டின்படி வயது வந்தவர். குழந்தை ஒன்று இறந்த வழக்கில் அவருக்கு 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். பாஸ்போட்டில் இருந்த பொய் வயதுதான் அங்கே அவர் வயதானது. இங்கே ஆவணத்தைத் திருத்திய தரகர்களுக்குக் கிடைத்தது 2 வருட மறியல்.

ஏற்கனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் பயந்து ஒளிக்க வேண்டாம். உண்மையான பிறப்பத்தாட்சியை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். பிள்ளையைக் காப்பாற்ற அந்தக் கடுதாசிதான் வேண்டும்.

மேடம்தான் பாஸ்போட்ட வச்சிருந்தா. விசா முடிஞ்சதே புள்ளைக்குத் தெரியாது. அதுக்கும் புள்ளதான் குத்தவாளியா?

வளைகுடாவில் அகாமாவைப் புதுப்பிக்க வேண்டியது கபீல். வீட்டுத் தொழிலாளரின் பாஸ்போட்டை அவர் சம்மதம் இல்லாமல் முதலாளி வைத்திருக்கக்கூடாது என்று குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே குற்றம் யாருடையது என்று கேட்டால் மேடத்தினுடையது. ஆனால் அதைப் பிள்ளை வாய்திறந்து சொல்ல வேண்டும். தூதரகத்தில் சொன்னாலும் சரி, அங்கே உள்ள தொழிலாளர் அலுவலகத்தில் சொன்னாலும் சரி. சொல்லாவிட்டால் திகதி முடிந்த விசா மட்டும்தான் பேசும்.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு வழக்கு 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. மலாவி நாட்டுப் பெண் ஒருவரை வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து, பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசா விஷயத்தைத் தானே பார்த்துக்கொள்வதாக எசமானி சொல்லியிருக்கிறார். விசா முடிந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வருடக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, கூடச் சம்பளம் கேட்டதும் வெளியே தள்ளினார். வழக்கில் "வேலையே சட்டவிரோதம், ஆகவே சம்பளம் கேட்க முடியாது" என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தெரியாமல் வேலை செய்தவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

வீட்ட விட்டு ஓடிட்டதா கபீல் கேஸ் போட்டுட்டானாம். அடி தாங்காமத்தான் ஓடினா. இப்ப என்ன?

சவூதியில் இதை ஹுரூப் என்பார்கள். கபீல் அறிவித்துவிட்டால் பிள்ளை சட்டவிரோத ஆளாகிவிடும் ஆபத்து வரும். சம்பளம் கொடுக்காத கபீல், முறைப்பாடு போகும் முன் முந்திக்கொண்டு ஓட்டக் கேஸ் போடுவது வழக்கமான தந்திரம். கபீல் போட்ட திகதிக்கு முன் தூதரகத்திலோ அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்திலோ பிள்ளையின் முறைப்பாடு பதிவாகியிருந்தால் அதை உடைக்க இடமுண்டு. ஆகவே ஓடுகிறவர் தெரிந்தவரின் ரூமுக்கு ஓடாமல் தூதரகத்துக்கு ஓட வேண்டும்.

நம் பாட்டன்மாருக்கு இது புதிதில்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது மறியலுக்குரிய குற்றம். கடன் தீர்த்ததாகத் துண்டு வாங்காமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். பேத்தி இன்றைக்கு ரியாத்தில் அதே துண்டுக்கு நிற்கிறாள்.

பூட்டி வைத்தார்கள், அடித்தார்கள், விற்றுக் கைமாற்றினார்கள் என்றால் அது குடிவரவு விஷயமே இல்லை, ஆட்கடத்தல். இலங்கைச் சட்டத்திலும் 360இ பிரிவின் கீழ் 2 முதல் 20 வருடம் வரை மறியல் உண்டு. "அவளே சம்மதித்துத்தான் வந்தாள்" என்று சொல்லி அதில் தப்ப முடியாது.

கல்லிவல்லிக்கு சம்பள பாக்கி கேக்க உரிமை இருக்கா?

ஐரோப்பாவில் தெளிவாக உண்டு. 2009இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஆவணம் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தவர் தண்டம் கட்டுவதோடு சம்பள நிலுவையையும் கொடுக்க வேண்டும். எவ்வளவு காலம் வேலை செய்தார் என்று தகராறு வந்தால் குறைந்தது மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது முதலாளியின் பாடு. இத்தாலியில் தலைக்கு 5,000 யூரோ தண்டமும் 6 மாதம் முதல் 3 வருடம் வரை மறியலும் உண்டு. அதோடு, சுரண்டலைக் காட்டிக்கொடுக்கும் தொழிலாளிக்குத் தங்கும் அனுமதி கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். மேலே மூன்றாம் கேள்வியில் சொன்ன ஓட்டையை அடைக்க நான் அறிந்த உருப்படியான வழி அது ஒன்றுதான்.

வளைகுடாவில் கேட்கலாம், ஆனால் நாட்டுக்குள் இருக்கும்போது கேட்பதுதான் பலன் தரும். பழைய கபீலிடம் முறையாக வேலை செய்த காலத்துப் பாக்கியைக் கேட்பது ஓரளவு நடக்கும். கல்லிவல்லியாக வேலை செய்த வீட்டில் கேட்பது மிகக் கஷ்டம்.

மலேசியாவுல எங்க சித்தப்பா பெர்மிட்டோட இருக்காரு. தம்பிக்கு பெர்மிட் இல்ல. ரூம்ல சேத்துக்கிட்டா சித்தப்பாவுக்கும் பிரச்சினை வருமா?

வரும். அங்கே சட்டவிரோதமாக இருக்கும் ஆளுக்கு இடம் கொடுப்பதே தனிக் குற்றம், தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் தண்டம், மறியலும் சேரலாம். சொந்தக்காரர் என்பது விதிவிலக்கு இல்லை.

வேலை ஒரு கிளீனிங் கொம்பனி மூலமா. ஓட்டல் முதலாளி வேற, சம்பளம் குடுக்குறது வேற ஆளு. அப்ப எந்த முதலாளி?

பொதுவாகச் சம்பளம் கொடுத்து வேலை ஏவுகிறவர்தான் முதல் ஆள். ஐரோப்பாவில், மேலே சொன்ன 2009 விதி, வேலையை ஒப்பந்தத்தில் விட்டவரையும் சம்பள நிலுவைக்குச் சேர்த்துப் பிடிக்கிறது. ஓட்டலின் பெயரையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.

பொது மன்னிப்பு வந்தா எல்லாம் சரியாயிருமா?

தொழிலாளியின் தண்டம் போகும், வீட்டுக்கு வரலாம். 2024இல் குவைத் மார்ச்சில் இருந்து ஜூன் வரையும், ஐக்கிய அரபு இராச்சியம் செப்டெம்பரில் இருந்து டிசம்பர் வரையும் கொடுத்தன. நாளுக்கு 50 திர்ஹம் வீதம் ஏறிக்கிடந்த தண்டம் ஒரே கையெழுத்தில் இல்லாமல் போனது பெரிய விஷயம்தான்.

ஆனால் மன்னிப்பில் வருகிறவர் வேலை கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிடுகிறார். சம்பளப் பாக்கி இருந்தால் புறப்படும் முன் முறைப்பாட்டைப் பதிந்து, தனக்காக அங்கே நடந்துகொள்ள ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. ஹட்டனுக்கு வந்த பிறகு என்னிடம் எழுதச் சொன்னால், தூதரகத்துக்கு மனு எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

நம்ம கோயில் கும்பாபிஷேகத்துக்கு இந்தியாவுல இருந்து சிற்ப வேலைக்காரங்களக் கூப்பிட்டோம். டூரிஸ்ட் விசாவுல வந்துட்டாங்க. இது தப்பா?

தப்புத்தான். இந்தக் கேள்வி வந்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. பிள்ளைகளை அங்கே விசிட் விசாவில் அனுப்பிவிட்டுக் கபீலைத் திட்டுகிற ஊரில், கோயில் கமிட்டியே கபீலாக நிற்கிறது.

நம் நாட்டில் வெளிநாட்டவர் வருவதையும் தங்குவதையும் ஆள்வது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். நம்மை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் அதே வருடம்தான், அது 18ஆம் இலக்கம். சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. ஸ்தபதி, குருக்கள், நாதஸ்வரக்காரர் என்று யாரை அழைத்தாலும் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசோடு முறையான விசா எடுக்க வேண்டும். பிடிபட்டால் முதலில் நாடு கடத்தப்படுவது கோபுரத்தில் நிற்கும் அந்த ஏழைத் தொழிலாளிதான். அழைத்தவர்களிடமும் விசாரணை வரும். எல்ல பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்து, தங்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கடையில் வேலைக்கு நிறுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். வெள்ளைத்தோல் என்றால் அதை யாரும் கள்ள வேலை என்று சொல்வதில்லை என்பது வேறு கதை.

லண்டன்ல தம்பிக்கு விசா இல்லன்னு தெரிஞ்சும் ஒரு தமிழ் அண்ணன் கடையில வேலை குடுத்தாரு. நல்ல மனுசன். நாங்க ஏதும் சொன்னா அவருக்குத்தானே தண்டம்?

ஆமாம், அவருக்குத்தான். இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்பது சட்டத்தில் தப்பிக்க உதவாது. இரண்டாம் கேள்வியில் சொன்ன 45,000 பவுண் ஒரு சின்னக் கடையை மூட வைக்கும். தம்பி மேலும் தனிக் குற்றம் உண்டு. அனுமதி இல்லாமல் வேலை செய்வதையே 2016இல் அங்கே குற்றமாக்கினார்கள். சம்பாதித்த காசைப் பறிமுதல் செய்யவும் இடமிருக்கிறது. தம்பி அகதி விண்ணப்பம் போட்டிருந்தால், முடிவு வராமல் 12 மாதம் கடந்தபின் வேலை அனுமதி கேட்கலாம். அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான்.

நல்ல மனுசன் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறார் என்று ஒருமுறை தம்பியிடம் கேளுங்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்க வைத்து அந்த நாட்டின் ஆகக்குறைந்த சம்பளத்தில் பாதியைக் கொடுக்கிற நல்லவர்களும் உண்டு, உண்மையாகவே தாங்கிப் பிடிக்கிறவர்களும் உண்டு. முறைப்பாடு கொடுப்பதா இல்லையா என்பதைத் தம்பி தான் ஒரு சட்டத்தரணியிடம் பேசிய பிறகே முடிவெடுக்கட்டும். அங்கே காசு வாங்கிக் குடிவரவு ஆலோசனை சொல்கிறவர், சட்டத்தரணி இல்லை என்றால், அரச பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இலக்கம் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் ஒரு பவுண் கூடக் கட்ட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.